பட்டியலில் ஒரு சாமான் குறைகிறது

“அக்கா, பாதியில நின்னுடுச்சு. கொஞ்சம் பாருங்களேன்.”

திறந்த மடிக்கணினியை இரு கையிலும் ஏந்தியபடி வாசலில் நின்றான் எதிர்வீட்டுத் தம்பி. பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறான். டெபியன் லினக்ஸின் 11-ஆம் வெளியீட்டிலிருந்து 12-க்கு மாறலாம் என்று மதியம் ஆரம்பித்திருக்கிறான். சாயங்காலம் ஆறு மணிக்கு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாய் ஒரு பத்தி அசையாமல் நிற்கிறது. ‘இன்ன பேக்கேஜுக்கு இன்னது தேவை, அதை நிறுவ வழியில்லை’ என்பது அதன் சாரம். கட்டாயப்படுத்தி ஏற்றும் ஒரு கட்டளையை எங்கிருந்தோ தேடிப்பிடித்துத் தட்டச்சும் செய்துவிட்டான். என்டர் மட்டும்தான் பாக்கி.

“அதை மட்டும் அழுத்தாதே தம்பி. உட்கார், டீ போடறேன். கம்ப்யூட்டர் எங்கேயும் ஓடிப்போயிடாது.”

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோருமே என்றாவது ஒருநாள் இந்தப் பத்தியின் முன்னால் உட்கார வேண்டிவரும். அன்றைக்குப் பதறாமல் அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சமையல்காரர் எழுதும் பட்டியல்

கல்யாணத்துக்குச் சமையல் பேசப் போனால் சமையல்காரர் முதலில் காகிதமும் பேனாவும் கேட்பார். துவரம்பருப்பு இத்தனை கிலோ, புளி இத்தனை, நல்லெண்ணெய் இத்தனை என்று எழுதிக்கொண்டே வருவார். சில இடத்தில் நிறுத்தி அழுத்திச் சொல்வார்: “அரிசி பழசா இருக்கணும். புது அரிசி குழைஞ்சிடும்.” இன்னோர் இடத்தில் கொஞ்சம் தளர்வார்: “வெல்லம் நல்லதா கிடைக்கலேன்னா கருப்பட்டி போட்டுக்கலாம்.”

பேக்கேஜ் என்பதும் இப்படித்தான். நிரல் மட்டும் அதற்குள் இருப்பதில்லை; நிரல் ஓடுவதற்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலும் கூடவே வருகிறது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றைத்தான் டிபெண்டன்சி என்கிறோம். தமிழில் சார்பு என்று எழுதுகிறார்கள். ‘இது இல்லாமல் நடக்காது’ என்பது டிபெண்ட்ஸ். ‘இருந்தால் நல்லது’ என்பது ரெக்கமெண்ட்ஸ். ‘இதோடு சேர்ந்து இருக்க மாட்டேன்’ என்பது கான்ஃபிளிக்ட்ஸ். ‘அவர் இடத்தில் நான் நிற்கிறேன்’ என்று கருப்பட்டி மாதிரி முன்வருவது ப்ரொவைட்ஸ். பழைய அரிசிக் கணக்காகப் பதிப்பு எண்ணும் வரும்: ‘பைத்தான் 3.9 அல்லது அதற்கு மேல், ஆனால் 3.10-க்குக் கீழே’ என்று.

2023 ஜூன் 10-இல் டெபியன் 12 வந்தபோது அதில் 64,419 பேக்கேஜ்கள் இருந்தன. முந்தைய வெளியீட்டில் இருந்தவற்றில் 43,254 புதுப்பிக்கப்பட்டன. 11,089 புதிதாகச் சேர்ந்தன. 6,296 பேக்கேஜ்கள் காலாவதி என்று நீக்கப்பட்டன. நம் கணினியில் இருப்பது இதில் ஓரிரண்டாயிரம்தான் என்றாலும், ஒவ்வொன்றும் இன்னொன்றின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறது. மேம்படுத்தல் என்றால் இந்தக் கூட்டம் முழுவதையும், யாரும் கீழே விழாமல், ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபத்துக்கு அழைத்துப் போவது.

“ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவந்தா இந்தப் பிரச்சினையே வராதே அக்கா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியில், அதாவது பல நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் நிரல்தொகுப்பில், ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. வங்கித் தளம் முதல் மின்னஞ்சல் வரை பூட்டிப் பேசும் நிரல்களில் பெரும்பகுதி நம்பியிருந்த லைப்ரரி அது. சர்வரின் நினைவகத்தில் இருப்பதைப் பூட்டை உடைக்காமலே வெளியிலிருந்து உருவ முடிந்தது. பொது லைப்ரரியைப் பயன்படுத்திய நிரல்களுக்கு அந்த ஒரு பேக்கேஜை மாற்றி, மறுபடி ஓடவிட்டால் போதுமாக இருந்தது. தனக்கென்று ஒரு பிரதியை உள்ளே வைத்துக்கொண்டிருந்த நிரல்களையோ ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டியிருந்தது. பொதுவில் வைப்பதன் அருமை இதுதான். நம்மைப் பாதியில் நிறுத்தும் இந்தச் சிக்கல் அதற்காக நாம் கொடுக்கும் விலை.

அந்த விலையும் முன்பு இன்னும் அதிகமாக இருந்தது. டெபியனில் டிபிகேஜி என்ற கருவி கையில் கொடுத்த பேக்கேஜை ஏற்றும். குறைவதை ‘குறைகிறது’ என்று சொல்லும். போய் எடுத்து வராது. ஒன்றைத் தேடிப் போனால் அது இரண்டைக் கேட்கும், அந்த இரண்டும் ஐந்தைக் கேட்கும். ரெட் ஹாட் பக்கம் ஆர்பிஎம் கோப்புகளோடு மல்லாடியவர்கள் அதற்கு நரகம் என்றே பெயர் வைத்தார்கள். 1999 மார்ச்சில் டெபியன் 2.1-உடன் ஆப்ட் வந்தது. பட்டியலைப் படித்து, கடை கடையாய்ப் போய் எல்லாவற்றையும் வாங்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் கொடுக்கும் ஆள் அது. இன்று உபுண்டு, மின்ட் எல்லாம் இதே ஆளை வைத்துத்தான் குடித்தனம் நடத்துகின்றன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். ஃபெடோரா பக்கம் யம் இருந்தது, இப்போது டிஎன்எஃப்.

இரண்டு வாசகம், இரண்டு நோய்

டீயைக் கையில் கொடுத்துவிட்டு, “இப்ப அந்தப் பத்தியைச் சத்தமாப் படி” என்றேன்.

பலரும் கோட்டை விடும் இடம் இது. எர்ரர் என்றதும் கண் வேகமாக ஓடிவிடுகிறது. ஆனால் ஆப்ட் சொல்லும் வாசகங்களுக்குள் நுட்பமான வேறுபாடு உண்டு.

‘நாட் இன்ஸ்டாலபிள்’ என்று வந்தால், அந்தப் பெயரில் ஒரு பேக்கேஜ் நீ கொடுத்த கடைப் பட்டியலில் எங்கேயும் கிடைக்கவில்லை என்று பொருள். சாமானே இல்லை.

‘நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்டு’ என்று வந்தால் சாமான் கடையில் இருக்கிறது. வாங்கினால் வீட்டில் இருக்கும் இன்னொன்றோடு சண்டை வரும், அதனால் வாங்கவில்லை என்று பொருள். அப்போது தேட வேண்டியது இல்லாத சாமானை அல்ல, சண்டை போடும் அந்த இன்னொன்றை.

மூன்றாவதாக, ‘3.10-க்குக் கீழே வேண்டும், ஆனால் 3.11.2 நிறுவப்படப் போகிறது’ என்கிற மாதிரியும் வரும். புது அரிசி ஆகாது என்று சமையல்காரர் சொன்ன கதை.

இவை போக ‘கெப்ட் பேக்’ என்று ஒரு பட்டியல் வரலாம். இவற்றை மேம்படுத்த வேண்டுமானால் புதிதாக எதையாவது ஏற்றவோ இருப்பதை நீக்கவோ வேண்டும், அல்லது வேறெங்கோ முட்டுகிறது, அதனால் இப்போதைக்குத் தொடவில்லை என்கிறது ஆப்ட்.

தம்பியின் திரையில் இரண்டு இருந்தன. நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் ‘கெப்ட் பேக்’ ஆகியிருந்தன. அதற்கு நடுவே, கல்லூரி ஆய்வகத்துக்காக வெளியிலிருந்து இறக்கிய ஒரு மென்பொருளை ஏற்றப் பார்த்திருக்கிறான். ‘லிப்எஸ்எஸ்எல்1.1 தேவை, நாட் இன்ஸ்டாலபிள்’ என்று முட்டியது அது. இரண்டையும் ஒரே சிக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் வேறு வேறு காரணம்.

சாமான் எங்கே போனது?

மேம்படுத்தும்போது ஒரு பேக்கேஜ் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும்.

முதலாவது, கடையே மாறியிருக்கலாம். எங்கிருந்து வாங்குவது என்பதை ஆப்ட் சோர்ஸஸ்.லிஸ்ட் என்ற கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அதில் பழைய வெளியீட்டின் பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதினால் போதும் என்று பலரும் நினைக்கிறோம். 2021-இல் டெபியன் 11 வந்தபோது பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் வரியின் வடிவமே மாறிவிட்டது. அதுவரை வெளியீட்டின் பெயருக்குப் பின் ஒரு சாய்கோடும் ‘அப்டேட்ஸ்’ என்ற சொல்லும் இருந்தன. அந்த இடத்தில் பெயரோடு ‘செக்யூரிட்டி’ என்பதை இணைத்து எழுத வேண்டியதாயிற்று. பெயரை மட்டும் மாற்றியவர்களுக்கு அந்தக் கடை திறக்கவே இல்லை. 2023-இல் டெபியன் 12 இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. வைஃபை சிப்புகளுக்கும் கிராபிக்ஸ் அட்டைகளுக்கும் வேண்டிய ஃபர்ம்வேர் பேக்கேஜ்கள் அதுவரை ‘நான்-ஃப்ரீ’ என்ற பகுதியில் இருந்தன. அவற்றை ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற புதுப் பகுதிக்கு மாற்றினார்கள். அந்தச் சொல்லைச் சேர்க்காவிட்டால் வைஃபைக்கான ஃபர்ம்வேர் பழைய பதிப்பிலேயே கிடக்கும். புதிதாக நிறுவப் போனால் ‘இல்லை’ என்று வரும். பேக்கேஜ் எங்கும் போய்விடவில்லை, அடுத்த தெருவுக்குக் குடிபோயிருக்கிறது.

இரண்டாவது, பெயர் மாறியிருக்கலாம். லைப்ரரி பேக்கேஜ்களின் பெயரில் ஓர் எண் ஒட்டிக்கொண்டிருக்கும். அது அழகுக்காக இல்லை. ஒரு லைப்ரரி தன்னை அழைக்கும் நிரல்களோடு பேசும் முறையை மாற்றிக்கொண்டால், பழைய முறையில் பேசும் நிரல்கள் தவறான பதிலை வாங்கிக்கொண்டு தடுமாறும். அதனால் முறை மாறும்போது பெயரும் மாற வேண்டும் என்பது கட்டுப்பாடு. டெபியன் 11-இல் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 இருந்தது, லைப்ரரிக்குப் பெயர் லிப்எஸ்எஸ்எல்1.1. டெபியன் 12-இல் ஓபன்எஸ்எஸ்எல் 3.0, பெயர் லிப்எஸ்எஸ்எல்3. உபுண்டு 22.04-இலும் இதே மாற்றம்தான். டெபியனின் சொந்த பேக்கேஜ்கள் எல்லாம் புது லைப்ரரியோடு மறுபடி கட்டப்பட்டு வந்துவிட்டன. வெளியே பழையதற்காகக் கட்டி வைத்திருந்தவைதான் ஊர் மாறிய பிறகும் பழைய முகவரியையே கேட்டுக்கொண்டிருக்கின்றன.

டெபியன் 12-இலிருந்து 13-க்குப் போகிறவர்களும் உபுண்டு 24.04-க்குப் போனவர்களும் இதே வகையில் இன்னொன்றைப் பார்ப்பார்கள். ஏராளமான லைப்ரரிகளின் பெயருக்குப் பின்னால் ‘டி64’ என்று ஒட்டியிருக்கும். ஒலிக்கான லிப்அசவுண்ட்2, லிப்அசவுண்ட்2டி64 ஆகிவிட்டது. இதன் பின்னால் ஒரு கடிகாரக் கதை இருக்கிறது. 1970 ஜனவரி 1 தொடங்கி ஓடிய நொடிகளை எண்ணித்தான் இந்த இயங்குதளங்கள் நேரம் பார்க்கின்றன. 32 பிட் கணினிகளில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு நிரம்பிவிடும். அடுத்த நொடி அந்தக் கணினிகள் 1901-க்குத் தாவிவிடும். அதைத் தவிர்க்க இடத்தை 64 பிட்டாக விரித்தார்கள். விரித்தால் பேச்சுமுறை மாறும், பேச்சுமுறை மாறினால் பெயரும் மாறும். நம் கையில் இருப்பது 64 பிட் கணினியாகவே இருந்தாலும், எல்லா வகைக் கணினிக்கும் பேக்கேஜ் பெயர் ஒன்றே என்பதால் பெயர்மாற்றம் இங்கும் வந்துசேர்ந்தது. 2038-இல் வரப்போகும் ஒரு காலைக்காக இப்போதே பெயரை மாற்றி வைத்தவர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

மூன்றாவது, சாமானே நிறுத்தப்பட்டிருக்கலாம். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது. டெபியன் 11 அதைக் கொஞ்சம் ஒட்ட வைத்திருந்தது. 12-இல் அது கிடையாது. அதை நம்பி எழுதிய பழைய ஸ்கிரிப்டுகளுக்கு இனிமேல் பெயர் மாற்றம் எதுவும் உதவாது. ஸ்கிரிப்டைத்தான் திருத்த வேண்டும்.

நான்காவது, வெளியாள். டெபியன் தன் வீட்டுக்குள் எல்லாச் சார்புகளையும் சரிபார்த்துத்தான் வெளியீடு செய்கிறது. வெளித் தளத்திலிருந்து நாம் இறக்கிய பேக்கேஜுக்கும், நாமே சேர்த்துக்கொண்ட வெளிக் கடைகளுக்கும் அந்தப் பொறுப்பை அதனால் ஏற்க முடியாது. என் அனுபவத்தில் மேம்படுத்தலை முட்டி நிறுத்துவது பெரும்பாலும் இந்த நான்காவது ஆள்தான்.

தம்பியின் நூற்றுக்கணக்கான ‘கெப்ட் பேக்’கின் மூலத்தை அங்கேதான் கண்டுபிடித்தோம். ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு’ என்று கேட்டதும் ஒரே ஒரு பெயர் வந்தது. பைத்தான் 3.9-க்காகக் கட்டிய ஒரு வெளி பேக்கேஜ்; 3.10-க்குக் கீழேதான் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. போன வருடம் ஏதோ ப்ராஜெக்டுக்காக, ‘இதைத் தொடாதே’ என்று அதன்மேல் ஹோல்டு போட்டு வைத்திருந்தான், மறந்தும் போய்விட்டான். டெபியன் 12-இல் இருப்பது பைத்தான் 3.11. அந்த ஒன்று நகர மாட்டேன் என்று நின்றதால் பைத்தான் நகர முடியவில்லை. பைத்தான் நகராததால் அதைச் சார்ந்த கூட்டமே வாசலில் நின்றுவிட்டது.

செய்யக் கூடாத சில

இந்த இடத்தில்தான் கை பரபரக்கும். அவன் தட்டச்சு செய்து வைத்திருந்தது டிபிகேஜியின் ‘ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்’. சார்பு குறைந்தாலும் பரவாயில்லை, ஏற்று என்னும் கட்டளை. அது குறையைத் தீர்ப்பதில்லை. பட்டியலில் உள்ள குறையை அப்படியே வைத்துக்கொண்டு பந்தியை ஆரம்பிப்பது அது. நிரலும் ஓடாது. அதற்குப் பிறகு எதை நிறுவப் போனாலும் ‘முதலில் அதைச் சரிசெய்’ என்று ஆப்ட் ஒவ்வொரு முறையும் நிற்கும்.

இன்னொரு குறுக்குவழி, புது லைப்ரரிக் கோப்புக்குப் பழைய பெயரில் ஓர் இணைப்பு போட்டு ஏமாற்றுவது. ஓபன்எஸ்எஸ்எல் விஷயத்தில் இது பலிக்காது. லைப்ரரியின் உள்ளே ஒவ்வொரு அழைப்பின்மீதும் பதிப்பு முத்திரை இருக்கிறது. வெளியே பெயர்ப்பலகையை மாற்றினாலும் உள்ளே முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். முத்திரை பார்க்காத லைப்ரரிகளில் பலித்துவிட்டால் அது இன்னும் ஆபத்து: எங்கோ ஒருநாள் தவறான கணக்கைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கும்.

மூன்றாவது, குறையும் ஒரு பேக்கேஜுக்காகப் பழைய வெளியீட்டின் கடையையும் வேறொரு லினக்ஸ் வகையின் கடையையும் பட்டியலில் சேர்த்துவிடுவது. ஒன்று வாங்கப் போய், அது தன் உறவுகளையெல்லாம் அழைத்துவரும். கொஞ்ச நாளில் கணினி எந்த வெளியீடு என்று யாராலும் சொல்ல முடியாது. டெபியன்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ஃபிராங்கன்டெபியன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நீக்கப் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ அழுத்துவது. சண்டை போடும் இரண்டில் ஒன்றை அனுப்பிவிட்டும் ஆப்ட் சிக்கலைத் தீர்க்கும். எதை அனுப்பப் போகிறது என்று திரையில் சொல்லிவிட்டுத்தான் செய்யும். 2021 நவம்பரில் உலகறிந்த யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். அப்போது அங்கே பேக்கேஜ்களில் ஒரு பொருத்தமின்மை இருந்தது. டெஸ்க்டாப்பையே நீக்கினால்தான் முடியும் என்று ஆப்ட் எச்சரித்து, ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து ஒப்புதல் தரச் சொன்னது. அவரும் தட்டச்சு செய்தார். கணினியில் கறுப்புத் திரை மட்டும் மிஞ்சியது. கற்றவர், கைப்பழக்கம் உள்ளவர். அவருக்கே அது நடந்தது. அதற்குப் பின் ஆப்ட் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது: அடிப்படை பேக்கேஜ்களை நீக்கும் வேலை என்றால் ஒப்புதல் கேட்காமல் நின்றேவிடுகிறது. ஒருவருக்கு நேர்ந்ததைப் பார்த்து எல்லோருக்கும் ஒரு கைப்பிடிச் சுவர் கட்டினார்கள்.

கிளம்புவதற்கு முன்

“அப்ப ஆரம்பத்துலேயே என்ன பண்ணியிருக்கணும்?” என்றான். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். டெபியனின் ஒவ்வொரு வெளியீட்டோடும் வெளியீட்டுக் குறிப்புகள் வருகின்றன. மேம்படுத்தல் பற்றிய அத்தியாயத்தைப் படிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அதன் சாரம் இது.

முதலில் காப்புப் பிரதி. வீட்டுக் கோப்புகள் மட்டும் போதாது. ‘இடிசி’ அடைவும், என்னென்ன பேக்கேஜ் நிறுவியிருக்கிறோம் என்ற பட்டியலும் வேண்டும். அடுத்து, இருக்கும் வெளியீட்டிலேயே எல்லாவற்றையும் கடைசிவரை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். டெபியனில் ஒரு படி தாண்டி அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது: 10-இலிருந்து 11, 11-இலிருந்து 12. நடுவில் ஒன்றைத் தாவினால் இடையில் வைத்திருந்த பெயர்மாற்றங்கள், வழிகாட்டிகள் எல்லாம் தவறிப்போகும்.

பிறகு மூன்று கேள்விகள். பாதியில் நிற்கும் பேக்கேஜ் ஏதும் இருக்கிறதா? ‘டிபிகேஜி --ஆடிட்’ சொல்லும். ஹோல்டு போட்டது இருக்கிறதா? ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு’. நிறுவப்பட்டிருந்தும் எந்தக் கடையிலும் இல்லாத வெளியாட்கள் யார்? ‘ஆப்ட் லிஸ்ட்’டுக்குப் பின்னால் ‘அப்ஸலீட்’ என்ற வடிகட்டியைப் போட்டால் வரிசையாக வரும். அந்த வெளியாட்களை ஒவ்வொருவராகப் பார்த்து, புது வெளியீட்டுக்கான பதிப்பு வந்திருக்கிறதா என்று விசாரித்து, இல்லாவிட்டால் இப்போதைக்கு நீக்கிவிடுவது நல்லது. வெளிக் கடைகளின் வரிகளை முடக்கி வைக்க வேண்டும். உபுண்டுவின் மேம்படுத்தும் கருவி இதைத் தானாகவே செய்துவிடுகிறது. டெபியனில் நம் கையால் செய்ய வேண்டும்.

வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி பிரித்த நிலையில் இடம் தீர்ந்தால் அதைவிடத் தொல்லை வேறில்லை. சார்ஜர் செருகியிருக்கட்டும். வைஃபை போனாலும் இணையம் கிடைக்க, கைப்பேசியை இணைக்கும் கேபிள் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் பிறகுதான் கடைப் பட்டியலை மாற்றி, ‘ஆப்ட் அப்டேட்’. அதன் பிறகு ஒரே மூச்சில் போகாமல் இரண்டு கட்டமாகப் போகச் சொல்கிறார்கள். முதலில் ‘ஆப்ட் அப்கிரேட்’, ‘வித்அவுட்-நியூ-பிகேஜிஎஸ்’ என்ற நிபந்தனையோடு. புதிதாக எதையும் சேர்க்காமல், எதையும் நீக்காமல் முடிந்தவரை மேம்படுத்தும். கூட்டத்தில் தனியாக நடக்கக்கூடியவர்களை முதலில் அனுப்பிவிடுவது மாதிரி. பிறகு ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’. இது சேர்க்கவும் நீக்கவும் உரிமை உள்ளது. ஆகவே இதற்கு முன் ‘-எஸ்’ போட்டு ஒத்திகை பார்க்கலாம். எதையும் தொடாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். அந்த நீக்கப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். தெரியாத பெயர் இருந்தால் தேடிப் பாருங்கள். டெஸ்க்டாப்பின் பெயரோ கர்னலின் பெயரோ இருந்து, அந்த இடத்துக்குப் புதிதாக எதுவும் வராவிட்டால் கையை எடுத்துவிடுங்கள்.

ஃபெடோராக்காரர்களுக்கு டிஎன்எஃப் இதே வேலையை வேறு பெயரில் செய்கிறது. முட்டும் பேக்கேஜை நீக்கிவிட்டுப் போகலாம் என்பதற்கு ‘அலோஎரேசிங்’ என்று ஒரு நிபந்தனை உண்டு. அங்கேயும் அதே அறிவுரைதான்: பட்டியலைப் படித்த பிறகு.

நடுவழியில் நின்றுவிட்டால்

டிபிகேஜி ஒரு பேக்கேஜை இரண்டு கட்டமாக ஏற்றுகிறது. முதலில் பிரித்து வைக்கும். பிறகு அமைத்து முடிக்கும். மின்சாரம் போனாலோ இடம் தீர்ந்தாலோ பல பேக்கேஜ்கள் பிரித்த நிலையிலேயே கிடக்கும். அப்போது முதலில் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. பிரித்து வைத்தவற்றில் முடிக்கக் கூடியதையெல்லாம் முடிக்கும். அடுத்து ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. குறைவதை வாங்கிவரும், முடியாவிட்டால் நீக்கலாமா என்று கேட்கும். இந்த இரண்டிலேயே பெரும்பாலான கணினிகள் எழுந்துவிடும்.

அப்படியும் ஒன்று முரண்டு பிடித்தால் அதன் பெயரைக் கொடுத்து ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ என்று கேளுங்கள். எந்தப் பதிப்பு இருக்கிறது, எந்தக் கடையில் எது கிடைக்கிறது என்று சொல்லும். கடை வரிசையே காலியாக இருந்தால் சாமான் இல்லை. கடை மாறியதா, பெயர் மாறியதா, நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள். கடையில் இருந்தும் வராவிட்டால், ‘ஆப்டிட்யூட்’ கருவியிடம் ‘ஒய்-நாட்’ என்று கேட்டால் யார் தடுக்கிறார்கள் என்று பெயர் சொல்லும். இதுவரை நடந்ததெல்லாம் ‘வார்/லாக்/ஆப்ட்’ அடைவில் பதிவாகியிருக்கும்.

தம்பி ஹோல்டை எடுத்தான். அந்த வெளி பேக்கேஜை நீக்கினான். நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேரைக் கடைப் பட்டியலில் சேர்த்தான். ஒத்திகை பார்த்து, நீக்கப் பட்டியலை எனக்குப் படித்தும் காட்டினான். பிறகு ஃபுல்-அப்கிரேட். எழுத்துகள் ஆறாக ஓட ஆரம்பித்தன. நீக்கிய பேக்கேஜுக்குப் பைத்தான் 3.11-க்கான பதிப்பு ஏற்கெனவே வந்திருந்தது, இறக்கிக்கொண்டான்.

லிப்எஸ்எஸ்எல்1.1 கேட்ட ஆய்வக மென்பொருளுக்குத்தான் புதுப் பதிப்பு இல்லை. பழைய லைப்ரரியின் பேக்கேஜை மட்டும் தனியே இறக்கி வைத்துவிடலாம். பெயர் வேறு என்பதால் புதியதோடு சண்டை போடாது. ஆனால் டெபியன் 12-இன் திருத்தங்கள் எதுவும் அதற்கு வராது. இணையத்தில் பூட்டுப் போடும் லைப்ரரிக்கே காவல் இல்லாமல் போகும். அதனால் பாட்மேன் என்ற கருவியை வைத்து, கணினிக்குள்ளேயே ஒரு தனி அறை மாதிரி, டெபியன் 11-இன் சிறு கண்டெய்னர் ஒன்றை அமைத்து, அந்த மென்பொருளை அதற்குள் குடிவைத்தோம். பழைய அரிசி கேட்பவருக்குத் தனி அடுப்பு.

“நல்லா ஓடிட்டிருந்த 1.1-ஐ ஏன் அக்கா எடுத்தாங்க? இருந்துட்டுப் போகட்டுமே?”

ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 வந்தது 2018 செப்டம்பர் 11-இல். ஐந்து வருடம் பார்த்துக்கொள்வோம் என்று அதை எழுதியவர்கள் சொல்லியிருந்தார்கள். 2023 செப்டம்பர் 11-உடன் பொது ஆதரவை முடித்துக்கொண்டார்கள். டெபியன் 12-ஐயோ 2028 வரை பராமரிக்க வேண்டும். எழுதியவர்களே கைவிட்ட லைப்ரரியை வைத்துக்கொண்டால், அதில் இன்னொரு ஹார்ட்ப்ளீட் வரும் இரவில் விழித்திருக்க ஆள் வேண்டும். ஒரு பேக்கேஜ் பட்டியலில் இருக்கிறது என்றால் அதற்குப் பின்னால் யாரோ ஒருவர், பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஒருவர், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கை விலகி, வேறு கையும் வராவிட்டால் பேக்கேஜும் ஒரு வெளியீட்டில் இல்லாமல் போகும். நீக்கப்பட்ட 6,296-இல் அப்படிப் போனவையும் உண்டு.

‘ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்’ என்று டெபியனில் ஒரு சின்ன பேக்கேஜ் இருக்கிறது. நம் கணினியில் நிறுவியிருப்பவற்றில் எதற்கெல்லாம் பராமரிக்க ஆள் இல்லை, எதற்கு உதவி தேவை என்று அது பட்டியல் போட்டுக் காட்டும். அவனை அதை நிறுவச் சொன்னேன். வந்த வரிசையில், அவன் தினமும் திறக்கும் ஒரு சிறு கருவியின் பெயரும் இருந்தது. பக்கத்தில் ‘அநாதை’ என்ற குறிப்பு.

“இதை எடுத்துக்கறதுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும் அக்கா?”

“மொதல்ல அதோட சாமான் பட்டியலைப் படி” என்றேன். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மடிக்கணினியை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.